பழுதின் இடங்காட்டிய பெரியார்: சேர் சார்ள்ஸ் உவீற்ஸ்ரன்

ஐப்பசி கழிந்து வாடைக்காற்றுத் தொடங்கிவிட்டால், திருக்கோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த ஊர்களிலே மின்விளக்கு அணைவது புதுமையான செய்தியன்று. கடற்காற்று நாள்தோறும் கொணர்ந்த உப்பு, கம்பங்களின் உச்சியிலுள்ள பீங்கான் காவலிகளின்மீது மெல்லிய படலமாகப் படிந்து கிடக்கும். பெருமழை பெய்தால் அவ்வுப்புக் கழுவுண்டு போகும். அதற்கு முன்னர் வரும் சிறுதூறலோ அதனைக் கரைத்து, மின் கசிந்தோடுதற்கேற்ற ஈரவழியாக ஆக்கிவிடும். இஃதன்றித் தென்னோலையும் பனையோலையும் கம்பிமேல் விழும். காகமும் குரங்கும் இரு கம்பிகளை ஒருங்கே தொட்டு மாளும். கந்தளாய்ப் பக்கத்துக் காட்டோரங்களில் யானை கம்பத்தோடு உராய்ந்து அதனைச் சாய்த்துவிடுவதும் உண்டு. நிலத்தினடியே செல்லும் வடங்களுக்கு வேறு பகை. கடலோர மண்ணின் உவர்நீர், வடத்தின் இரும்புக் கவசத்தை ஆண்டுக்கணக்காக அரித்து, ஒருநாள் உள்ளே புகுந்துவிடும்.

விளக்கு அணைந்தவுடன் வீட்டிலிருப்போர் கேட்கும் வினா, எப்போது வரும் என்பது. கம்பம் ஏறுவோன் தன்னுள்ளே கேட்கும் வினா வேறு. எங்கே என்பதே அது. அறுந்த கம்பியை இணைத்தற்கு இரண்டு மணி நேரம் போதும். அது எங்கே அறுந்தது என்று காண்பதற்கு ஓர் இராப்பொழுது முழுவதும் செல்லலாம். நிலத்தடி வடமாயின், அடையாளம் எதுவும் வெளியே தெரியாமையால், நாட்களே செல்லலாம். திருத்துதல் ஒரு தொழில். இடங்காணுதல் மற்றொரு தொழில். பின்னையதே கடினமானது என்பதனை அத்தொழிலில் நெடுங்காலம் உழன்றவன் என்ற முறையில் யான் உறுதியாகக் கூறுவேன்.

ஆண்டுவிழா மலருக்கு என் தொழிலைப்பற்றி ஒரு கட்டுரை வேண்டுமென்று பழைய மாணவர் சங்க அன்பர்கள் பணித்தனர். என் கதையிலே சுவையில்லை. ஆதலால், அவ்வெங்கே என்னும் வினாவுக்கு விடைகாணும் வழியை உலகுக்குத் தந்த ஒருவரின் வரலாற்றை எழுதத் துணிந்தேன். அவர் பெயரை நம் கல்லூரிப் பௌதிக ஆய்வுகூடத்திலே பயின்ற மாணாக்கர் அனைவரும் அறிவர். மீற்றர்க் கோலின்மேல் நீட்டிய கம்பியும், ஒரு கல்வனோமானியும், வழுக்கிச் செல்லும் சாவியுமாக மேசைமேல் இருக்குமே, அந்தப் பாலத்துக்கு உரியவராகச் சொல்லப்படும் உவீற்ஸ்ரனே அவர். பெயரை அறிந்தோமேயன்றி மனிதரை அறிந்தோமில்லை.

சார்ள்ஸ் உவீற்ஸ்ரன் இங்கிலாந்து தேசத்திலே குளொஸ்ரர் நகரின் அயலதாகிய பார்ண்வூட் என்னும் ஊரில் 1802ஆம் ஆண்டு பெப்பிரவரி மாதம் 6ஆம் நாள் பிறந்தார். தந்தையார் இசைக்கருவிகளும் இசைச்சுவடிகளும் விற்கும் வணிகர். குழந்தைக்கு நான்கு வயதாயிருக்கையில் குடும்பம் இலண்டனுக்குக் குடிபெயர்ந்தது. சிறுவர் பிறரோடு பழகக் கூசுபவர். புத்தகம் என்றால் உயிர். பழைய புத்தகக் கடையொன்றிலே வோல்ற்றா என்னும் இத்தாலிய அறிஞரின் மின்னாராய்ச்சிகளைக் கூறும் பிரெஞ்சு நூலொன்றைக் கண்டு, கைக்காசைச் சிறிது சிறிதாகச் சேர்த்து அதனை வாங்கினார் என்றும், நூல் கூறியவாறு மின்கல அடுக்குச் செய்யச் செப்புத் தகடு போதாதபோது எஞ்சியிருந்த செப்புக் காசுகளையே தகடாக அடுக்கிவிட்டார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. காசின் பயனை அச்சிறுவர் அறிந்தவாறு வேறெவர் அறிந்தார்!

பதினான்கு பதினைந்து வயதிலே, இலண்டன் ஸ்ராண்ட் வீதியில் இசைக்கருவி செய்து விற்ற சிறிய தந்தையாரிடம் தொழில் பயில விடப்பட்டார். கருவி விற்பதில் அவருக்கு மனம் செல்லவில்லை. கருவி ஒலிப்பது எவ்வாறு என்பதிலேயே சென்றது. 1821ஆம் ஆண்டில், பத்தொன்பது வயதினராய், ஒரு காட்சி வைத்தார். கூடத்தின் நடுவே பழங்கால யாழ் ஒன்று முகட்டிலிருந்து கம்பியொன்றால் தூக்கப்பட்டுத் தொங்கும். தொடுவார் யாருமிலர், ஆயினும் யாழிலிருந்து இனிய இசை எழும். கண்டோர் மந்திரமென்று வியந்தனர். மறைபொருள் யாதெனின், மேல்மாடியில் வேறோர் இசைக்கருவி வாசிக்கப்பட்டது. அதன் அதிர்வு அக்கம்பி வழியே இறங்கி யாழை அதிரச் செய்தது. திடப்பொருளினூடே ஒலி எவ்வாறு செல்லும் என்பதனை ஊரார்க்குக் காட்டும் சோதனையே அம்மந்திர யாழ்.

ஈண்டு ஒன்று கூறாது செல்ல மனம் வரவில்லை. நம் கல்லூரியை இராமகிருஷ்ண சங்கம் பொறுப்பேற்ற காலத்திலே அதற்குத் தலைமை தாங்கி நடத்திய சுவாமி விபுலானந்தர், இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் பெற்றவர். 1947ஆம் ஆண்டிலே யாழ்நூல் என்னும் பெருநூலை அரங்கேற்றி அவ்வாண்டிலேயே மறைந்தவர். நரம்பின் நீளத்தையும் சுருதியின் அளவையும் கணிதத்தால் ஆராய்ந்த அடிகளார், தம் மாணாக்கர்க்கு உவீற்ஸ்ரனின் மந்திர யாழைப்பற்றிக் கூறினாரோ அறியேன். கூறியிருந்தால், இசையும் பௌதிகமும் வேறுவேறு வகுப்பறைகளில் இருக்கவேண்டியவை அல்ல என்பதற்கு இதனினும் ஏற்ற எடுத்துக்காட்டு அவருக்குக் கிடைத்திராது.

உவீற்ஸ்ரன் ஒலியிலே தொடங்கியவர், கம்பியைப் பற்றிக்கொண்டு மின்னுக்கு வந்தார். அதிர்வு கம்பி வழியே செல்வதற்கு நேரம் எடுக்கின்றதே, மின்னும் நேரம் எடுக்குமோ என்று ஐயுற்றார். அந்நாளில் மின் நினைத்த மாத்திரத்தே மறுமுனை சேரும் என்று எண்ணினோர் பலர். 1834ஆம் ஆண்டில் அவர் செய்த சோதனை இது: ஏறத்தாழ அரை மைல் நீளமான செப்புக் கம்பியை எடுத்து, நடுவில் ஓரிடைவெளியும் இரு முனைகளிலும் இடைவெளிகளும் விட்டார். மூன்று இடைவெளிகளையும் ஒரே பலகையில் அருகருகே அமைத்தார். இலெய்டன் சாடியிலிருந்து மின்னைப் பாய்ச்சியபோது மூன்று பொறிகள் தோன்றின. வெறுங்கண்ணுக்கு அவை ஒரே கணத்தில் தோன்றியவையே. ஆனால் அவர், விநாடிக்கு 800 முறை சுழலும் சிறு கண்ணாடியொன்றிலே அப்பொறிகளைப் பார்த்தார். கண்ணாடியில் நடுப்பொறி மட்டும் சற்று விலகி நின்றது. முனைப் பொறிகள் முன்னரும் நடுப்பொறி பின்னருமாகத் தோன்றின என்பதற்கு அவ்விலகலே சான்று. மின் கம்பியில் ஓடுதற்கு நேரம் எடுக்கின்றது!

அவர் கணித்த வேகம் விநாடிக்கு 288,000 மைல். அது பிழை. ஒளியின் வேகமே விநாடிக்கு ஏறத்தாழ 186,000 மைல்தான். கம்பியில் ஓடும் மின்துடிப்பு அதனை விஞ்சமுடியாது. எண் பிழையாயினும் முறை பிழையன்று. கண் காணமாட்டாத நேர இடைவெளியைத் தூரமாக மாற்றிக் காணும் முறை அது. அதன் பயன் அவர் மறைந்து பன்னெடுங்காலத்தின் பின்னரே எம்போன்றோர் கைக்கு வந்தது. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

அவ்வாண்டிலேயே இலண்டன் கிங்ஸ் கல்லூரி அவரைப் பரிசோதனைப் பௌதிகப் பேராசிரியராக்கியது. பேராசிரியரானவர் விரிவுரை செய்யவேண்டுமன்றோ? ஒலியைப்பற்றிச் சில விரிவுரைகள் செய்து பார்த்தார், நா எழவில்லை. ஓரிருவரோடு ஆய்வுகூடத்திலே அமர்ந்து பேசினால் மணிக்கணக்காகத் தெளிவாக உரைப்பவர், அவையைக் கண்டதும் வாயடைத்துப் போவார். அவருடைய கண்டுபிடிப்புகள் பலவற்றை றோயல் நிறுவனத்திலே மக்கள்முன் எடுத்து விளக்கியவர் அவருடைய நண்பர் மைக்கேல் பரடே ஆவர். ஒருமுறை உவீற்ஸ்ரன் மேடையேறும் தறுவாயில் வெளியே ஓடிவிட்டாரென்றும், பரடே ஆயத்தமின்றி அவ்விடத்தில் நின்று பேசினாரென்றும் சொல்வர். மெய்யோ புனைவோ, அவர் இயல்புக்குப் பொருந்திய கதையே. அவைக்கு அஞ்சும் மாணாக்கர் நம் வகுப்புகளிலும் இருந்தனர். பிரம்புகொண்டு அவர்களை மேடையேற்றிய ஆசிரியரும் இருந்தனர். உவீற்ஸ்ரனுக்கு அத்தகைய ஆசிரியர் வாயாதது அவர்தம் நற்பேறு என்றே எண்ணுகிறேன்.

பேச நா எழாத அவரே, தொலைவிலுள்ளோர் ஒருவரோடொருவர் பேசுதற்குக் கருவி செய்தார். இந்தியாவிலே படைப்பிரிவில் பணியாற்றித் திரும்பிய வில்லியம் கூக் என்பவரோடு கூட்டுச் சேர்ந்து, 1837ஆம் ஆண்டு யூன் மாதத்தில் மின்தந்திக்கு உரிமை பெற்றார். யூலை 25ஆம் நாள் இலண்டனில் இயூஸ்ரன் நிலையத்துக்கும் கம்டன் ரவுணுக்குமிடையே புகைவண்டிப் பாதையோரமாக அது சோதித்துப் பார்க்கப்பட்டது. ஐந்து ஊசிகள் திரும்பி எழுத்தைச் சுட்டும் கருவி அது. பின்னர் கிறேற் வெஸ்ரேண் புகைவண்டிப் பாதையிலே படிங்ரனிலிருந்து மேற்கு டிறெயிற்றன் வரை தந்தி அமைத்தனர். கம்பிகளுக்குப் பருத்திநூல் சுற்றி இரும்புக் குழாய்க்குள் இட்டுப் பதித்திருந்தனர். அங்கேதான் தொல்லை தொடங்கிற்று. சில ஆண்டுகளுக்குள் ஈரம் புகுந்து காப்பு நைந்தது. கம்பிகள் ஒவ்வொன்றாகப் பழுதுபட்டன. குழாய்க்குள்ளே எவ்விடத்தில் பழுது என்று யார் கண்டார்? 1843ஆம் ஆண்டில் தந்தியை சிலௌ வரை நீட்டியபோது, கூக் குழாயைக் கைவிட்டு, கம்பங்களை நட்டுக் காவலிகளின்மேல் வெறுங்கம்பியை இழுத்துவிட்டார். இன்று நம் வீதியோரங்களிலே காணும் கம்ப வரிசைக்கு முன்னோர் அக்கம்பங்களே. அவை நடப்பட்டமைக்குக் காரணம், நிலத்தடியில் பழுதின் இடத்தைக் காணமாட்டாத இடர்ப்பாடும் ஒன்று.

கூக்குக்கும் உவீற்ஸ்ரனுக்கும் மனம் ஒத்துவரவில்லை. தந்தியை ஆக்கியவர் யார் என்பது பற்றி வழக்கு மூண்டது. 1841ஆம் ஆண்டில் பொறியியலாளர் புறூணலின் தந்தையாரும் பேராசிரியர் டானியலும் நடுவராயிருந்து, ஒருவர் அதனை நாட்டுக்குப் பயன்படும் தொழிலாக்கினார், மற்றவர் தம் ஆராய்ச்சியால் அதற்கு வழிவகுத்தார் என்ற கருத்துப்பட இருவர்க்கும் சிறப்பளித்துத் தீர்த்தனர். தீர்ப்பால் வழக்கு முடிந்தது, மனக்கசப்பு முடியவில்லை. பல்லாண்டுகளின் பின்னரும் துண்டுநூல்கள் எழுதி வசைபாடினர். உவீற்ஸ்ரன் தமக்குரிய பெருமையை விட்டுக்கொடாதவர் என்று சிலர் குறைகூறுவதற்கு இவ்வழக்கே காரணமாயிற்று. அக்குறையை முற்றாக மறுப்பதற்கில்லை. ஆயினும் இனிவரும் நிகழ்ச்சியையும் அதனோடு சேர்த்து எண்ணுதல் வேண்டும்.

1843ஆம் ஆண்டில் அவர் றோயல் சங்கத்துக்கு ஒரு நீண்ட விரிவுரை எழுதி அளித்தார். மின்சுற்றிலுள்ள தடை முதலிய அளவுகளைத் துல்லியமாகக் காணும் கருவிகளைப்பற்றியது அது. அக்கருவிகளுள் ஒன்றே நாம் பாலம் என்று கூறுவது. நான்கு தடைகளைச் சாய்சதுரமாக இணைத்து, எதிரெதிர் மூலைகள் இரண்டில் மின்கலத்தையும் மற்றை இரண்டில் கல்வனோமானியையும் தொடுத்தால், ஒருபுறத்து இரு தடைகளின் விகிதம் மறுபுறத்து இரு தடைகளின் விகிதத்துக்குச் சமமாகும்போது கல்வனோமானியின் ஊசி அசையாது நிற்கும். இதிலுள்ள சிறப்பை மாணாக்கர் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஊசி எவ்வளவு திரும்பிற்று என்று அளக்கவேண்டியதில்லை. திரும்பிற்றா இல்லையா என்று மட்டும் அறிந்தாற் போதும். மின்கலம் வலிகுன்றினாலும் விடை மாறாது. நம் ஊர்க் கடைகளிலிருந்த பழைய தராசு போன்றது அது. தட்டுகள் சமன்பட்டனவா என்பதே கேள்வி.

இவ்வமைப்பை முதலிற் கண்டவர் தாமல்லர் என்று உவீற்ஸ்ரன் அவ்விரிவுரையிலேயே எழுதினார். 1833ஆம் ஆண்டிலே சாமுவேல் ஹன்ரர் கிறிஸ்ரி என்னும் கணிதப் பேராசிரியர் அதனை வெளியிட்டிருந்தார், எவரும் கவனித்திலர். உவீற்ஸ்ரன் அதனைத் தேடியெடுத்து, பயனை விளக்கி, உரியவர் பெயரையும் சுட்டினார். உலகமோ அவர் சொல்லைக் கேளாமல், பாலத்துக்கு அவர் பெயரையே இட்டுவிட்டது. தந்திக்காக வழக்காடியவர் தமதல்லாத பாலத்தை வேண்டாமென்றார். அதுவே அவர் பெயரை இன்றளவும் தாங்கி நிற்கின்றது.

இனி, இப்பாலம் பழுதின் இடத்தைக் காட்டுமாறு எங்ஙனம் என்று கூறவேண்டும். உவீற்ஸ்ரனின் வாழ்நாளிலேயே தந்தி வடங்களின் பொருட்டு அவருக்குப் பின்வந்தோர் அமைத்த வழி இது. வார்லி, மறே என்னும் இருவர் பெயரால் வழங்கும் தடச் சோதனைகள் இவ்வழிப் பிறந்தவையே. மின்வழங்கல் வடங்களுக்கும் அவையே பின்னர்ப் பயன்பட்டன.

நிலத்தடியில் 1,200 மீற்றர் நீளமான வடம் ஒன்று உண்டென்க. அதனுள் மூன்று கடத்திகள். ஒன்றின் காப்பு எங்கோ ஓரிடத்தில் நைந்து, கடத்தி நிலத்தோடு தொடர்புற்றுவிட்டது. மற்றையவை நலமாயுள்ளன. வடத்தின் அப்பால் முனைக்கு ஒருவரை அனுப்பி, பழுதுற்ற கடத்தியையும் நல்ல கடத்தியொன்றையும் தடித்த செப்புத் துண்டினால் இணைக்கச் செய்தல் வேண்டும். இப்போது நம் முனையிலிருந்து போய்த் திரும்பும் தடம் 2,400 மீற்றர் ஆயிற்று. அத்தடத்தைப் பழுதானது இரு கூறாக்குகின்றது. நேரே பழுதுவரை ஒரு கூறு. நல்ல கடத்தி வழியே அப்பால் சென்று சுற்றிப் பழுதுவரை வருவது மறுகூறு. இவை பாலத்தின் இரு தடைகள். மேசைமேல் நீட்டிய வழுக்குக் கம்பியின் இரு பகுதிகளும் மற்றை இரு தடைகள். தடத்தின் இரு முனைகளுக்கிடையே கல்வனோமானி. வழுக்கிக்கும் நிலத்துக்குமிடையே மின்கலம். வழுக்கியை நகர்த்தி ஊசி அசையா நிலையைக் காண்கிறோம். நூறு பங்கான வழுக்குக் கம்பியில், பழுதுற்ற கடத்தியின் பக்கம் 35 பங்கு நின்றதென்க. பழுது 2,400 மீற்றரில் நூற்றுக்கு 35 தொலைவில், அதாவது நம் முனையிலிருந்து 840 மீற்றரில் உள்ளது. பழுதிடத்து மண்ணின் தடை எவ்வளவென்று நாம் அறியோம். அறியவேண்டியதுமில்லை, அது மின்கலத்தின் வழியில் இருப்பதால் சமநிலையைக் கெடுக்கமாட்டாது. நிலத்தின்மேல் ஓர் அடையாளமும் இல்லாத இடத்தை, அரை மைல் தொலைவில் நாற்காலியில் அமர்ந்தவாறே ஒருவன் சொல்லிவிடலாம்.

சொல்லிவிடலாம் என்று எழுதுவது எளிது. இளமையிலே, துறைமுகத்தை அடுத்த ஓரிடத்தில், நிறுவனம் ஒன்றின் வடம் பழுதுற்றபோது இச்சோதனையை முதன்முறையாக யானே பொறுப்பேற்றுச் செய்தேன். சமநிலை நன்கு வந்தது, கணக்கும் பிழையற்றது. அளந்து குறித்த இடத்திலே தொழிலாளர் மண்வெட்டியும் அலவாங்குமாகக் குழிதோண்டினர். வடம் தென்பட்டது, பழுது தென்படவில்லை. குழியை நீட்டினோம். அப்போது ஒருவருடைய அலவாங்கு வேறொன்றன்மேல் இடித்தது. பார்த்தால், படத்திலே குறிக்கப்படாத மற்றொரு வடம். அதிலே மின் ஓடிக்கொண்டிருந்தது. இரும்புக் கவசத்தில் மட்டும் ஒரு தழும்பு. அரை அங்குலம் உள்ளே இறங்கியிருந்தால் அம்மனிதர் அன்று வீடு திரும்பியிரார். சற்றுநேரம் ஒருவரும் பேசவில்லை. அவர் மட்டும் வெற்றிலை போட்டுக்கொண்டு சிரித்தார்.

பிழை எங்கே? பாலத்தில் இல்லை. பல ஆண்டுகளுக்கு முன்னர் அவ்வடம் ஒருமுறை திருத்தப்பட்டபோது தடித்த கடத்தியுள்ள துண்டொன்று இடையிலே செருகப்பட்டிருந்தது. இணைப்பருகே ஒரு சுற்று வடம் மடித்துப் புதைக்கப்பட்டுமிருந்தது. இரண்டும் ஏட்டிலே ஏறவில்லை. பாலம் கூறுவது தடையின் அளவு. அதனை மீற்றராக்குவது நம் ஏடு. தடித்த துண்டு நூறு மீற்றராயினும் தடையிலே அதனினும் குறைந்த நீளமாகவே தோன்றும். வடத்தின் நீளம் வேறு, வீதியின் நீளம் வேறு. முதிய தொழிலாளி ஒருவர் பழைய திருத்தத்தை நினைவுகூர்ந்து சொல்லவே, கணக்கைத் திருத்தி மறுநாள் வேறிடத்தில் தோண்டினோம். அந்தப் பழைய இணைப்பிலேயே நீர் புகுந்திருந்தது. அன்றுமுதல், ஏட்டிலே ஏறாத இணைப்பு ஒன்றைக் கண்டால் எனக்கு அலவாங்கின் ஓசையே காதில் விழும்.

பாலத்துக்கும் எட்டாத பழுதுகள் உள. காப்பு முற்றும் கெடாமல், உயர்ந்த அழுத்தத்தில் மட்டும் பொறிபாயும் பழுதாயின், பாலத்தின் சிறு மின்கலத்துக்கு அது நலமுற்ற கடத்திபோலவே தோன்றும். கடத்தி முற்றாக அறுந்துவிட்டாலோ தடமே அமையாது. அங்கே 1834ஆம் ஆண்டுச் சோதனை துணைக்கு வருகின்றது. வடத்தின் ஒரு முனையிலே குறுகிய மின்துடிப்பொன்றைச் செலுத்தினால், அது பழுதிடத்தில் மோதி எதிரொலிபோலத் திரும்பி வரும். வடங்களில் துடிப்பின் வேகம் ஒளியின் வேகத்தில் ஏறத்தாழப் பாதி முதல் மூன்றிலிரண்டு பங்கு வரையாகும். மைக்குரோ விநாடிக்கு 160 மீற்றர் என்று கொள்வோம். துடிப்பு 10 மைக்குரோ விநாடியில் திரும்பினால், போய்வந்த வழி 1,600 மீற்றர். பழுது 800 மீற்றரில். அறுந்த முனையாயின் எதிரொலி நிமிர்ந்து வரும். குறுஞ்சுற்றாயின் தலைகீழாக வரும். சுழலும் கண்ணாடியின் இடத்திலே இன்று மின்னணுத் திரை இருக்கின்றது. கம்பியில் செல்லும் நேரத்தைக் கொண்டு தூரம் காணும் கருத்தோ மாறவில்லை.

கணக்குக் காட்டிய இடத்திலே துல்லியமாகக் குழிதோண்டுவதற்கு மூன்றாவது வழி ஒன்றுண்டு. உயர்ந்த அழுத்தத்தைத் தேக்கி, சில விநாடிகளுக்கு ஒருமுறை வடத்துக்குள் பாய்ச்சுவர். பழுதிடத்திலே பொறிபாய்ந்து நிலத்தடியில் தும்மென்று ஓசை எழும். ஒருவர் நிலத்தின்மேல் ஒலிவாங்கியை வைத்துக் காதிற் குழாய் மாட்டி அடியடியாக நடப்பார். வண்டிகளின் இரைச்சல் ஓய்ந்த நள்ளிரவே அதற்கு ஏற்றது. சிற்றொலியைக் கேட்பதற்கு மருத்துவர் குழாய்போன்ற கருவியொன்றை அமைத்து, அதற்கு இன்று உலகெங்கும் வழங்கும் மைக்குரபோன் என்னும் பெயரை 1827ஆம் ஆண்டிலேயே வழங்கியவரும் உவீற்ஸ்ரனே என்பதை யான் மிகப் பிந்தியே படித்தறிந்தேன். நள்ளிரவிலே துறைமுக வீதியில் காதிற் குழாயோடு குனிந்து நடந்த நாட்களில் அறிந்திருந்தால், மந்திர யாழின் கம்பியருகே நிற்பதாக எண்ணி ஆறியிருப்பேன்.

கம்பங்களின்மேற் செல்லும் 33,000 வோல்ற்றுக் கம்பிகளுக்கு வேறு வழி. நெடுங்கம்பியைத் துண்டிக்கும் ஆளிகள் இடையிடையே உண்டு. நடுவிலுள்ளதைத் திறந்து, முற்பாதிக்கு மின் கொடுத்துப் பார்ப்பர். நின்றால் பழுது பிற்பாதியில். பின்னர் அப்பாதியைப் பாதியாக்குவர். இப்படிக் குறுக்கிக் குறுக்கி, எஞ்சிய துண்டை நடந்தே பார்ப்பர். அஞ்சத்தக்கது ஒன்றுண்டு. அறுந்த கம்பி நம் கடலோரங்களிலுள்ளதுபோன்ற உலர்மணலில் விழுந்தால், மணல் மின்னை எளிதில் கடத்தாமையால், உருகியும் உருகாமல் காப்பாளியும் திறவாமல் கம்பி உயிரோடு கிடக்கக்கூடும். நிலையத்தில் எல்லாம் நலம் என்று தோன்றும். மணலிலே நடந்து வருபவனுக்கே ஆபத்து. இத்தகைய பழுதைத் தொலைவிலிருந்து ஐயமற அறியும் கருவி இன்னும் வந்தபாடில்லை. இதற்கு மாறாகச் சிறு பழுது பெருங்கேடாவதும் உண்டு. 2025ஆம் ஆண்டு பெப்பிரவரி 9ஆம் நாள் பாணந்துறை உபமின்நிலையத்திலே குரங்கொன்று தொட்டதன் விளைவாக இலங்கை முழுவதும் இருளில் ஆழ்ந்ததை யாவரும் அறிவோம். அங்கே பழுதின் இடம் உடனே தெரிந்தது. தீவுக்கு மின்னைத் திரும்பக் கொடுப்பதற்கோ பல மணி நேரம் சென்றது.

உவீற்ஸ்ரனிடம் மீள்வோம். நம் வீடுகளுக்கு வரும் மின்னையே ஆக்குகின்ற பொறியிலும் அவர் கை உண்டு. 1867ஆம் ஆண்டு பெப்பிரவரி 14ஆம் நாள், நிலைக்காந்தமின்றித் தன் மின்னாலேயே தன் காந்தத்தை வளர்த்துக்கொள்ளும் மின்பிறப்பாக்கியைப்பற்றி றோயல் சங்கத்திலே இரு கட்டுரைகள் ஒரே கூட்டத்தில் படிக்கப்பட்டன. ஒன்று சீமன்சுடையது, மற்றது உவீற்ஸ்ரனுடையது. இம்முறை வழக்கு மூளவில்லை. இரு கண்ணுக்கும் இரு படம் காட்டித் திண்மையைத் தோற்றுவிக்கும் கருவி, கொன்சேட்டினா என்னும் கையடக்கத் துருத்தி இசைக்கருவி, நண்பர் பிளேபெயர் பிரபுவின் பெயரால் வழங்கும் மறையெழுத்து முறை, துளையிட்ட தாள்நாடாவால் விரைந்து தந்தியனுப்பும் பொறி என்று அவர் ஆக்கியவை பல. மறையெழுத்தும் பாலத்தைப்போலவே பெயர் மாறிப் போயிற்று. இம்முறை இழந்தவர் அவர்.

1847ஆம் ஆண்டில் எமா வெஸ்ற் என்னும் பெண்மணியை மணந்தார். மக்கள் ஐவர். மனைவியார் 1866ஆம் ஆண்டிலே இறந்துபடவே, பிள்ளைகளைத் தாமே வளர்த்தார். 1868ஆம் ஆண்டில் அரசியார் சேர் பட்டம் அளித்தனர்; றோயல் சங்கம் அவ்வாண்டிலேயே தன் உயர்ந்த விருதாகிய கொப்லி பதக்கத்தை அளித்தது. பட்டமும் பதக்கமும் அவர் கூச்சத்தை மாற்றவில்லை.

1875ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் அவர் பாரிஸ் நகரம் சென்றிருந்தார். கடலடி வடங்களின் வழியே வரும் நலிந்த குறிப்புகளை வாங்குதற்குரிய கருவியொன்றைச் செம்மைப்படுத்துவதிலே ஈடுபட்டிருந்தார். அங்கே குளிர்பிடித்து, மார்புச்சளி மிகுந்து, ஒக்ரோபர் 19ஆம் நாள், எழுபத்து மூன்றாம் வயதில், பிறநாட்டு மண்ணிலே உயிர்நீத்தார். உடலை இலண்டனுக்குக் கொணர்ந்து கென்சல் கிறீன் இடுகாட்டில் அடக்கம் செய்தனர். கிறிஸ்ரி அதற்குப் பத்து ஆண்டுகளின் முன்னரே காலமாகிவிட்டார். அவருடைய பெயரைத் தாங்கிய கருவி எதுவும் நம் ஆய்வுகூட மேசையில் இல்லை.